நீ கேட்கலையே

மே 24, 2025, சனி

முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. இரண்டு ஆட்டம், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்றாயிற்று. ஆனால் தூக்கம் வராததற்குக் காரணம் முழங்கால் இல்லை.

இன்றைக்குப் புது பார்ட்னர். ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபதை நெருங்குகிறவர். இந்த நியூஜெர்சி மைதானங்களில் முப்பது வருஷமாக அம்பயராக நிற்கிறாராம். நான் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பையன் ஆடிய லீகில் அம்பயருக்குப் பஞ்சம். வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலை கொறிக்கும் அப்பாக்களில் ஒருத்தனைப் பிடித்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அது நானாகப் போயிற்று. பையன் இப்போது ஆடுவதில்லை, நான் மாட்டிக்கொண்டேன். இங்கே பெயர் கேட்பார் கிடையாது. பிள்ளைகளுக்கும் கோச்சுகளுக்கும் நாங்கள் ‘ப்ளூ’, சட்டை நிறத்தால் வந்த பெயர். எங்களுக்குள் ‘பார்ட்னர்’. மனசுக்குள் மட்டும் அவரைப் பெரியவர் என்று வைத்துக்கொண்டேன்.

கார் டிக்கியைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போதே ஆரம்பித்துவிட்டார். பேஸில் யாரும் இல்லாமல் பந்து வலது பக்கம் உயரே போனால் யார் ஓடுவது? முதல் பேஸில் ஒருத்தன் இருந்து, அடித்த பந்தில் மூன்றாவதுக்கு ஓடினால் அங்கே யார்? என்னையே பதில் சொல்ல வைத்தார். பிறகு சைகைகள். வலது கையை நெஞ்சில் வைத்தால் இன்ஃபீல்டு ஃப்ளை. மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினால் இரண்டு அவுட், இனி மூன்றாவது அவுட்டுக்கு முன்னால் ரன்னர் பிளேட்டை மிதித்தானா என்று நேரம் பார்க்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்துக்கு இவ்வளவா என்று தோன்றியது. பத்து நிமிஷம் பேசினார்.

இரண்டாவது ஆட்டம், நான்காவது இன்னிங்ஸ். பேஸ் பொறுப்பு என்னுடையது. மூன்றாவது பேஸ் பையன் எறிந்த பந்து கொஞ்சம் வெளியே போனது, முதல் பேஸ் பையன் எட்டிப் பிடித்தான். கிளவுஸில் ‘டப்’. அப்புறம்தான் ரன்னரின் கால். கையை மடக்கி அவுட் கொடுத்தேன். மேனேஜர் நடந்து வந்தார், மரியாதையாகத்தான் வந்தார். “ப்ளூ, அவன் கால் பேஸை விட்டு வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். பார்ட்னர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

கேட்கவில்லை. “நான் பார்த்தேன், அவுட்” என்றேன். பாளையங்கோட்டையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடிய காலத்தில் பேட்டிங் சைடு ஆள்தான் அம்பயர். ஒரு தடவை கொடுத்ததை மாற்றினால் அன்றைக்கு ஆட்டமே நடக்காது, ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வைராக்கியம் உடம்பில் ஊறிப்போனது போலிருக்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் பெரியவர் முழங்கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “கால் ஒரு சாண் விலகியிருந்தது.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பிளேட்டை விட்டு லைன்ல பத்தடி நடந்து வந்தேனே, அது பின்ன எதுக்காம்?”

“அப்ப ஏன் சொல்லலை?”

“நீ கேட்கலையே.”

மே 25, ஞாயிறு

ராத்திரி முழுக்க அவர்மேல் கோபம். ஒரு தபால்காரர் என் பேருக்கு வந்த கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று கேட்டால்தான் தருவேன் என்கிற மாதிரி.

காலையில் காப்பி குடித்துக்கொண்டே விதிநூலை எடுத்தேன். பெரிய லீக் நூலில் 8.02. எங்கள் சின்னப் பிள்ளைகள் லீக் விதியும் இதில் அதே கதைதான். ஒரு முடிவை எதிர்த்து முறையிட்டால், அதைக் கொடுத்த அம்பயர் இன்னொரு அம்பயரிடம் தகவல் கேட்கலாம். கொடுத்தவர் கேட்காமல் வேறு எந்த அம்பயரும் அதைக் குறை சொல்லவோ, மாற்ற முயலவோ, தலையிடவோ கூடாது. பயிற்சியில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் சரியாக எழுதியும் இருக்கிறேன். இவ்வளவு நாளும் அது என் அதிகாரத்துக்குப் போட்ட வேலி என்று நினைத்திருந்தேன். அந்த வேலியில் ஒரு கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கிறது. அதைக் கவனிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் பெரியவர் செய்தது சரி. கேட்காமலே அவர் பிளேட்டிலிருந்து கத்தி மாற்றியிருந்தால், அடுத்த இன்னிங்ஸிலிருந்து இரண்டு மேனேஜர்களும் என்னைத் தாண்டி அவரிடமே போயிருப்பார்கள். கீழ்க் கோர்ட்டு மேல் கோர்ட்டு என்று ஆகியிருக்கும். அதற்கடுத்த பக்கத்திலேயே இன்னொரு விதியும் இருக்கிறது: ஒரே நிகழ்வுக்கு இரண்டு அம்பயர்கள் இரண்டு விதமாகக் கை காட்டிவிட்டால், தலைமை அம்பயர் எல்லாரையும் கூட்டி, ஆட்டக்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பேசி, யார் சரியான இடத்தில் நின்றார், யார் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். இப்படி நடந்து நடந்து அலுத்துப்போய்த்தான் எழுதியிருப்பார்கள்.

கிரிக்கெட்டில் யாரும் அப்பீல் பண்ணாமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. நம் வெங்கட்ராகவன் 73 டெஸ்டுக்கு அம்பயராக நின்றவர். அவருக்கும் அதே கட்டுதான். கேட்டால்தான் வாய் திறக்கலாம். பேஸ்பாலில் அது அம்பயர்களுக்கு உள்ளேயும் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மே 26, திங்கள்

மெமோரியல் டே விடுமுறை. வீட்டில் எல்லாரும் தூங்க, பெரியவர் சொன்ன பழைய ஆட்டத்தைத் தேடிப் பார்த்தேன். 2004 அக்டோபர் 19, யாங்கி ஸ்டேடியம், பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஆறாவது ஆட்டம். முதல் மூன்றையும் தோற்றுவிட்டு அப்புறம் இரண்டை ஜெயித்து வந்து நிற்கிறது பாஸ்டன். பிளேஆஃப் என்பதால் அம்பயர்கள் ஆறு பேர். (வழக்கமாகப் பெரிய லீகில் நாலு. எங்களுக்கு இரண்டு. ஒருத்தர் வரவில்லை என்றால் ஒன்று.)

நாலாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் மார்க் பெல்ஹார்ன் இடது பக்கம் அடித்த பந்து, சுவருக்கு அந்தப்புறம் நின்ற ரசிகர் ஒருவர் நெஞ்சில் பட்டு மைதானத்துக்குள் திரும்பி விழுந்தது. இடது கோடி அம்பயர், சுவரில் பட்டது என்று ஆட்டத்தைத் தொடரவிட்டார். ஆறு பேரும் கூடினார்கள். ஹோம் ரன் என்று மாற்றினார்கள். மூன்று ரன்.

எட்டாவது இன்னிங்ஸ் இன்னும் அழகு. அலெக்ஸ் ரோட்ரிகஸ் அடித்த பந்து முதல் பேஸ் கோட்டோரம் மெல்ல உருண்டது. பிட்சர் பிரான்சன் அரோயோ பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து தொடப் போனார். ரோட்ரிகஸ் அவர் கிளவுஸை ஒரு தட்டு தட்டினார். பந்து தெறித்து ஓடியது, முதல் பேஸில் இருந்த ஜீட்டர் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டார். முதல் பேஸ் அம்பயர் ராண்டி மார்ஷ் நின்ற இடத்திலிருந்து அந்தக் கை தெரியவில்லை. மறுபடி வட்டம் கூடியது. ரோட்ரிகஸ் அவுட், ஜீட்டர் திரும்ப முதல் பேஸுக்கு. அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மைதானக் கோட்டோரம் கலவரத் தடுப்புப் போலீஸை வரிசையாக உட்கார வைத்தார்கள். பாஸ்டன் 4-2.

அந்த வட்டத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். யாரும் கையை ஆட்டிப் பேசவில்லை. கோச்சுகளைப் பக்கத்தில் விடவில்லை. ஒருத்தர் பேச, மற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்கிறார்கள். யாங்கி ஸ்டேடியத்தில், யாங்கி ஜெயிக்க வேண்டிய ராத்திரியில், யாங்கிக்கு எதிராக இரண்டு முறை. நானாக இருந்தால் இரண்டாவது தடவை கூட்டுவதற்கே தயங்கியிருப்பேன்.

மே 28, புதன்

சாயங்காலம் லீக் அம்பயர்களுக்கு மறுபயிற்சி. ஆறு பேர் வந்திருந்தோம். பெரியவர்தான் வாத்தியார் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

முதல் பேஸில் எங்களை நிறுத்திக் கண்ணை பேஸில் வை, காதைக் கிளவுஸில் வை என்றார். பந்தையும் காலையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது. காலைப் பார், பந்து வந்ததைச் சத்தத்தில் தெரிந்துகொள். கிட்டப் போகாதே, கிட்டப் போகப் போக ஒன்றுதான் தெரியும். தூரத்தைவிடக் கோணம் முக்கியம். இதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான். ஆனால் அடுத்து ஒன்று செய்தார்.

பந்தை வலது கையில் வெறுங்கையாகப் பிடித்துக்கொண்டு, ஓடிவந்த ஒருத்தரை இடது கை கிளவுஸால் தொட்டார். “என்ன?” என்றார். நாலு பேர் அவுட் கொடுத்தோம். நானும் கொடுத்தேன். கிளவுஸ் காலி. பந்து இருக்கிற கையால் தொட்டால்தான் டேக். காலிக் கிளவுஸால் நூறு தடவை தொட்டாலும் சேஃப். ஆறு பேரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தோம்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கு அரை மணி நேரம். கால் பேஸை விட்டு வந்ததா, டேக் பட்டதா, பிடித்த பந்து நழுவியதா, பேட்டை முழுசாகச் சுழற்றினானா, ஹோம் ரன் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, இதெல்லாம் கேட்கலாம். ஏனென்றால் இன்னொரு கோணத்தில் இன்னொரு ஆள் முழுசாகப் பார்த்திருக்க முடியும். கால் முந்தியா பந்து முந்தியா என்பதைக் கேட்காதே. அறுபது அடி தள்ளி நிற்கிறவனுக்கு உன்னைவிட என்ன தெரியும்? பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதும் அப்படித்தான். கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “என்ன பார்த்தே?” என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவனைத் தீர்ப்பு சொல்லச் சொல்கிறாய். “கால் விலகிச்சா?” என்று கேட்டால் தகவல் கேட்கிறாய். தீர்ப்பு உன்னிடமே இருக்கும்.

இன்னொரு சங்கதி. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் ‘ஃபவுல்’ என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் ‘ஃபேர்’, அதற்கு வாயே திறக்கக் கூடாது, விரலால் சுட்டினால் போதும். இரண்டு சொல்லும் ‘ஃப’வில்தான் ஆரம்பிக்கிறது, சத்தத்தில் குழம்பும். ஃபவுல் என்று கத்திவிட்டால் பிள்ளைகள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். அப்புறம் ஆறு பேர் கூடிப் பேசினாலும் ஓடாத ஓட்டத்தைத் திரும்ப ஓட்ட முடியாது. கூடிப் பேசித் திருத்தலாம் என்பதற்காக முதலில் எதையாவது சொல்லிவைக்க முடியாது.

கிளம்பும்போது சனிக்கிழமை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு?” என்றார். நிஜமாகவே மறந்திருந்தார்.

மே 30, வெள்ளி

மழை. ஆட்டம் ரத்து. பெரியவர் போனில் ஒரு கதை சொன்னார், எழுதிவைக்க வேண்டும்.

1983 ஜூலை 24. யாங்கி ஸ்டேடியமேதான். கான்சாஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டான பிறகு ஹோம் ரன் அடித்து 5-4 என்று முந்திவிட்டார். யாங்கி மேனேஜர் பில்லி மார்ட்டின், பேட்டில் பிசின் அதிகம் என்று முறையிட்டார். பிடி நழுவாமலிருக்கப் பூசுகிற பைன் பிசின், கைப்பிடியிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அம்பயர்கள் கூடினார்கள். அளவுகோல் இல்லை. ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம் என்பது எல்லாருக்கும் தெரியும், பேட்டை அதன்மேல் கிடத்தி அளந்தார்கள். பிசின் ரொம்பத் தாண்டியிருந்தது. பிளேட் அம்பயர் டிம் மெக்கிளெலண்ட், பிரெட் அவுட் என்றார். பிரெட் கொலைவெறியோடு ஓடிவந்த காட்சி இன்றைக்கும் ஓடுகிறது. லீக் தலைவர் அந்த முடிவை ரத்து செய்து, ஹோம் ரன் செல்லும், மிச்ச ஆட்டத்தை ஆடுங்கள் என்றார்.

ஆகஸ்ட் 18இல் மிச்சம் நடந்தது. அன்றைக்கு வேறு அம்பயர்கள். மார்ட்டின் விடுகிற ஆளா? அன்று ஓடியபோது பிரெட் முதல் பேஸை மிதிக்கவில்லை என்று முறையிட்டார். இந்த அம்பயர்கள்தான் அன்று இல்லையே, எப்படித் தெரியும் என்று கணக்கு. அம்பயர் டேவ் ஃபிலிப்ஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஜூலையில் நின்ற அம்பயர்கள் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை வாங்கிய உறுதிமொழி: எல்லா பேஸும் மிதிக்கப்பட்டது.

தபால்காரர் இந்தக் கதையை ரசித்துச் சொன்னதில் ஆச்சரியமில்லை. காகிதம் சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

இன்றோடு பதினைந்து வருஷம். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டார், ஒருத்தனும் பேஸ் ஏறவில்லை. இன்னும் ஒருத்தன் அவுட்டானால் பெர்ஃபெக்ட் கேம். 27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட் அடித்த பந்தை மிகெல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே ஓடிவந்து முதல் பேஸில் பிடித்தார். பந்து முந்தி, கால் பிந்தி. ஜிம் ஜாய்ஸ் கையை விரித்து சேஃப் என்றார்.

கலராகா சிரித்தார். கத்தவில்லை, தொப்பியை எறியவில்லை. அடுத்த ஆளை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். ஜாய்ஸ் உள்ளே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு அழுதார், தப்பு என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் பிளேட் முறை அவருடையது. ஆட்டக்காரர் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தது கலராகா.

இந்தக் கதையை எல்லாரும் கலராகாவின் பெருந்தன்மைக்காகச் சொல்வார்கள். எனக்கு இன்று மற்ற மூன்று அம்பயர்களின் ஞாபகம்தான் வந்தது. அன்று அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒரு வட்டமும் கூடவில்லை. கூடியிருந்தாலும் என்ன கேட்பது? கால் முந்தியா பந்து முந்தியா என்பது கேட்கிற கேள்வி இல்லை என்று புதன்கிழமை பெரியவர் சொன்னாரே, அதேதான். 2008இலிருந்தே படம் பார்த்து மாற்ற வழி இருந்தது, ஆனால் அப்போது ஹோம் ரனுக்கு மட்டும். 1985 வேர்ல்ட் சீரிஸில் டான் டென்கிங்கர் அவுட்டான ஹோர்ஹே ஆர்ட்டாவை சேஃப் என்றதும் இதே முதல் பேஸில், இதே மாதிரி பிட்சர் ஓடிவந்து பிடித்ததில். பக்கத்தில் சக அம்பயர்கள் இருந்தும் அந்த ஒரு நொடியில் முதல் பேஸ் அம்பயர் தனி ஆள்.

2014இல் அந்த இடத்துக்கும் வழி செய்தார்கள். நியூயார்க்கில் ஒரு அறையில் வேறு அம்பயர்கள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், மைதானத்து அம்பயர் காதில் ஹெட்செட் மாட்டிக் காத்திருப்பார். அங்கே இருப்பதும் அம்பயர்தான். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் மைதானத்தில் ஹெட்செட் கிடையாது. தண்ணீர்க் குழாயே சரியாக வராது.

ஜூன் 7, சனி

ஆறாவது இன்னிங்ஸ், எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் கடைசி. சொந்த மைதானத்துக்காரர்கள் 5-4 முன்னால். இரண்டு அவுட். இரண்டாவது பேஸில் ஒரு ரன்னர். நான் பேஸ், பெரியவர் பிளேட். மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினார், நானும் தட்டினேன்.

ஷார்ட்ஸ்டாப்பிடம் உருண்டது பந்து. எடுத்து எறிந்தான், முதல் பேஸுக்கு உள்ளே, ஹோம் பக்கமாக. முதல் பேஸ் பையன் பேஸை விட்டு வந்து பிடித்தான், கடந்து ஓடுகிறவனை நோக்கித் திரும்பி இடது கையை வீசினான், அந்த வேகத்திலேயே ஹோமுக்கு எறிந்தான். இரண்டாவதிலிருந்து கிளம்பியவன் சறுக்கிக்கொண்டு பிளேட்டைத் தொட்டுவிட்டான். நான் நின்றதோ ஷார்ட்ஸ்டாப் பக்கம். எனக்குத் தெரிந்தது முதல் பேஸ் பையனின் முதுகு. முதுகில் 14 என்ற எண்.

டேக் பட்டிருந்தால் மூன்றாவது அவுட், ரன் கிடையாது, ஆட்டம் முடிந்தது. படவில்லை என்றால் 5-5.

கை என்னை அறியாமல் மடங்கப் பார்த்தது. நிறுத்தினேன். பெரியவரை நோக்கி விரலை நீட்டி, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “பார்ட்னர், டேக் உண்டா?” என்றேன்.

அவர் குரலும் அதே அளவு சத்தமாக வந்தது. “நான் மூணாவது பேஸைப் பார்த்தேன். டேக் பார்க்கலை.”

இரண்டு நொடி இருக்கும். அவ்வளவு நீளமான இரண்டு நொடி எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்றரை வருஷத்தில் முதல்முறையாக முறைப்படி கேட்டிருக்கிறேன், கிடைத்த பதில் இது. ரன்னர் மூன்றாவதை மிதித்துத் திரும்புகிறானா என்று பார்ப்பதுதான் அவர் வேலை, காலையில் டிக்கியில் உட்கார்ந்து பேசியதே அதுதான். இங்கே கண்ணைக் கொண்டுவந்திருந்தால் அங்கே விட்டிருப்பார். பார்த்ததாகச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் பார்த்தது கை வீசியதை. பட்டதைப் பார்க்கவில்லை. பார்க்காத அவுட்டைக் கொடுக்க முடியாது. இரண்டு கையையும் விரித்தேன்.

முதல் பேஸ் பையனின் மேனேஜர் வந்து சொன்னதையெல்லாம் எழுத வேண்டாம். “உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு கண்ணு கூட இல்லையா” என்பது மட்டும் நன்றாக இருந்தது, அடுத்த முறை நானே சொல்லிக்கொள்ளலாம். அடுத்த பாதியில் அவர்களே ஒரு ரன் எடுத்து 6-5 என்று ஜெயித்தார்கள். அப்படியும் மனுஷர் முகம் கொடுக்கவில்லை.

கார் நிறுத்துமிடம். பெரியவர் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஷூவிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். சேஃப் சரியா என்று நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. 14ஆம் எண் பையன் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தான்.

“ப்ளூ, நான் அவனைத் தொட்டேன். சத்தியமா.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெரியவர் நிமிர்ந்தார். “எந்தக் கையால?”

பையன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். கிளவுஸை இன்னும் கழற்றவில்லை.

“சரி. அப்ப பந்து எதுல இருந்தது?”

பையன் வாயைத் திறந்தான். கிளவுஸைப் பார்த்தான். ஐஸ் குச்சி பிடித்திருந்த வலது கையைப் பார்த்தான். அவன் அம்மா ஹாரன் அடித்தாள்.